உங்க நாய்க்கு எந்தப் பூச்சி மருந்து?

ஓ.பி.யில சிரங்குக்கு ஐவர்மெக்டின் வாங்கிட்டு, கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து சிலர் கேட்பாங்க: "சார், இந்த மாத்திரையை வீட்டு நாய்க்கும் குடுக்கலாமா? பூச்சிக்கும் இதுதானாமே?"

கொஞ்சம் நீளமான இழை நண்பர்களே. வீட்ல நாய் இருந்தா பொறுமையா படிங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் மனுஷங்களுக்கான டாக்டர். நாய்க்கு மருந்து எழுத வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான். ஆனால் பிரச்சினையே மனுஷ மாத்திரை நாய் வாய்க்குப் போறதுல ஆரம்பிக்கிறதால நான் பேச வேண்டியிருக்கு.

ஐவர்மெக்டின் அருமையான மருந்து. அதன் கண்டுபிடிப்புக்காக வில்லியம் கேம்பல், சதோஷி ஓமுரா இருவருக்கும் 2015ல் நோபல் பரிசு கிடைச்சது. அது புழுவின் நரம்பை முடக்கிக் கொல்லும். நமக்கும் நரம்பு இருக்கே, நம்மை ஏன் முடக்கலை? மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்று ஒரு புரதம் வாட்ச்மேன் மாதிரி நிற்கிறது. உள்ளே நுழையும் மருந்தை அப்படியே பிடித்து வெளியே தள்ளிவிடும்.

சில நாய்களுக்குப் பிறவியிலேயே அந்த வாட்ச்மேன் கிடையாது.

எம்டிஆர்1 என்ற மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டிருக்கும், அவ்வளவுதான் குறை. இதை 2001ல் கண்டுபிடித்துச் சொன்னது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேத்ரினா மீலி குழு. கோலி இனத்தில் (லாஸி படத்துல வருமே, அந்த ஜாதி) ஏறக்குறைய பத்துக்கு ஏழு நாய்களிடம் இந்தக் குறை இருக்கு. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் பாதி. நம்ம ஊர்ல அல்சேஷன்னு சொல்ற ஜெர்மன் ஷெப்பர்டில் சுமார் பத்தில் ஒன்று. கலப்பின நாய்க்கும் வரலாம், முகத்தைப் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

இப்போ கணக்கைப் பாருங்க. 60 கிலோ மனிதருக்குச் சிரங்குக்குக் கொடுக்கிறது 12 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அதே ஒரு மாத்திரையை 20 கிலோ கோலி விழுங்கினால் கிலோவுக்கு 600. நாய்களுக்கு இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒருமுறை தரும் அளவு கிலோவுக்கு வெறும் 6 மைக்ரோகிராம்தான். அந்த அளவை இந்தக் குறை உள்ள நாய்களும் தாங்கும். நூறு மடங்கை எப்படித் தாங்கும்?

மாட்டுக்குப் போடும் ஊசி இன்னும் மோசம். 1 சதவீத மருந்துன்னா ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். உண்ணி போகும்னு அதைக் கண்ணளவில் உறிஞ்சி நாய்க்குப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்மணி விரியும், எச்சில் ஒழுகும், நடை தள்ளாடும், நடுக்கம் வரும், பார்வை தெரியாது, அப்புறம் நினைவு தப்பும். மாற்று மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி, மூச்சைக் கவனித்து, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். உடனே தூக்கிட்டு ஓடுங்க, எவ்வளவு கொடுத்தீங்கன்னு மறைக்காம சொல்லுங்க. வாந்தி எடுக்க வைக்கிறேன்னு உப்புத் தண்ணீரைக் கரைச்சு ஊத்தாதீங்க, அது தனி ஆபத்து.

இவ்வளவுக்கும், நாடாப்புழுவை ஐவர்மெக்டின் தொடவே தொடாது! நாயின் ஆசனவாய் ரோமத்தில் அரிசி மாதிரி ஒட்டியிருக்கேன்னு கவலைப்பட்டு இதைக் கொடுத்தால், புழு அப்படியே இருக்கும், நாய்க்குத்தான் ஆபத்து.

"அப்போ ஸ்கூல்ல பிள்ளைக்குக் குடுத்த பூச்சி மாத்திரை?" அதுவும் வேண்டாம். அது அல்பெண்டசோல். பிள்ளைக்கு நல்லது, கட்டாயம் கொடுங்க. நாய்களில் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்களைக் குறைத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கு.

சரி, எதைத்தான் கொடுக்கிறது? கால்நடை மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவதில் மூன்று பெயரைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பைரன்டெல், உருண்டைப் புழுவுக்கும் கொக்கிப் புழுவுக்கும். குடலுக்குள்ளேயே வேலை செய்யும், ரத்தத்தில் பெரிசா கலக்காது. அதனால்தான் இரண்டு வாரக் குட்டிக்கே தருகிறார்கள். ஃபென்பெண்டசோல், சாட்டைப் புழுவையும் சேர்த்துப் பிடிக்கும். உணவோடு கலந்து மூன்று நாள் தொடர்ந்து தருவது. வயிறு லேசா இருக்கிற, எதைக் கொடுத்தாலும் கக்குகிற நாய்க்கு என் ஓட்டு இதற்குத்தான். நாடாப்புழுவுக்குப் ப்ராசிகுவாண்டெல். தெள்ளுப்பூச்சி மூலம் பரவும் நாடாப்புழுதான் நாயில் அதிகம், அதனால தெள்ளை ஒழிக்காம மாத்திரை மட்டும் கொடுத்தா திரும்ப வந்து நிற்கும். இந்த மூன்றுமே எம்டிஆர்1 குறை உள்ள நாய்க்கும் தரக்கூடியவை.

வலிப்பு வரும் நாயாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. உண்ணி, புழு இரண்டுக்கும் சேர்த்து மாதம் ஒன்று தரும் மெல்லும் மாத்திரைகள் சிலவற்றில் ஐசோக்சசோலின் வகை மருந்து இருக்கு. நடுக்கம், வலிப்பு வரக்கூடும்னு அமெரிக்க எஃப்டிஏ 2018லேயே எச்சரித்தது. வலிப்பு விஷயத்தைச் சொல்லாம வாங்காதீங்க.

மருந்து கொடுத்த பிறகு ஒன்றிரண்டு முறை மலம் இளகினால் பயப்பட வேண்டாம். செத்த புழு வந்தாலும் நல்லதுதான். ஆனால் பேதி நிக்கட்டும்னு வீட்டு மருந்து டப்பாவிலிருந்து லோபெரமைடைத் தேடாதீங்க. அதையும் மூளைக்குள் விடாமல் தடுப்பது அதே வாட்ச்மேன்தான்.

இதையெல்லாம் படிச்சிட்டு "அப்போ பூச்சி மருந்தே வேணாம்"னு முடிவு பண்ணிடாதீங்க. நாயின் உருண்டைப் புழு முட்டை மண்ணில் சில வாரம் கிடந்து, மண்ணில் விளையாடும் குழந்தையின் வாய்க்குப் போனால், அந்தப் புழுக்குஞ்சு கண்ணுக்குள் போய் பார்வையையே கெடுக்கலாம். கொக்கிப் புழுவின் குஞ்சு வெறுங்காலில் ஏறித் தோலுக்கடியில் பாம்பு மாதிரி கோடு போட்டுக்கொண்டே போகும். ராத்திரி தூங்கவிடாத அரிப்பு. அதோட எங்க ஓ.பி.க்கு வந்தா நாங்க எழுதிக் கொடுக்கிற மருந்துகளில் ஒண்ணு, அதே ஐவர்மெக்டின்!

குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான வழக்கம். உங்க நாய்க்கு எது சரின்னு அரசு கால்நடை மருந்தகத்திலேயே கேட்கலாம். போகும்போது எடையைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. வீட்டுத் தராசில் நாயைத் தூக்கிக்கிட்டு ஒருமுறை, நீங்க மட்டும் ஒருமுறை நின்னு கழிச்சா போதும். என்ன இனம், தாய் தகப்பன் என்ன இனம், சினையா, வலிப்பு உண்டா, வேற என்ன மருந்து ஓடுதுன்னு சொல்லுங்க. அன்னைக்குக் காலையில போன மலத்தில் கொஞ்சம் மூடி போட்ட சின்ன டப்பாவில் எடுத்துட்டுப் போனா, எந்தப் புழுன்னு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே மருந்து எழுதுவாங்க.