மூன்று கம்பெனி, ஒரு பித்தப்பை

செக்கிங் டேபிளில் நிற்கும் ஓர் அக்கா மேல் எனக்குப் பொறாமை உண்டு. வேலை என்னுடையதைவிடக் கடினம். நாள் முழுக்க நின்றபடியே பனியனில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேட வேண்டும். அந்த அக்காவின் பையில் மடித்து வைத்திருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு அட்டைதான் என் கண்ணை உறுத்துகிறது. அவருடைய விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பத்து இலக்க ஐ.பி. நம்பர் வாங்கி, அட்டையை அச்செடுத்துக் கொடுத்தவள் நான். மாதாமாதம் பதினைந்தாம் தேதிக்குள் அவருக்குச் சந்தா கட்டுவதும் நான். எனக்கு அட்டை கிடையாது.

திருப்பூரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி ஒரு பனியன் கம்பெனி. செவ்வாய், வியாழன் எலாஸ்டிக்கும் பட்டனும் விற்கும் மொத்தக் கடை. சனிக்கிழமை ஒரு பிரிண்டிங் பட்டறை. ஜி.எஸ்.டி. கட்டும் தேதி நெருங்கினால் ஞாயிறும் போய்விடும். இப்படி வாரம் முழுக்க உழைத்தாலும் மூன்று இடத்திலும் எனக்குப் பெயர் ‘பார்ட் டைம்’.

கடையில் நாலு பேர், பட்டறையில் எட்டுப் பேர். பத்துப் பேர் இல்லாத இடத்துக்கு இ.எஸ்.ஐ. பொருந்தாது, அதனால் அவர்களை விட்டுவிடலாம். பனியன் கம்பெனியில் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஆனால் அங்கே என் பெயர் மஸ்டர் ரோலில் இல்லை. மாதக் கடைசியில் ‘கணக்கு எழுதிய கூலி’ என்று ஒரு வவுச்சர், ஏழாயிரம் ரூபாய், ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் ஒரு கையெழுத்து. அந்த வவுச்சரை எழுதுவதும் நான்தான்.

இதெல்லாம் உறுத்தாமலேதான் காலம் ஓடியது. ஒரு நாள் ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி விடியும்வரை விடவில்லை. ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்று வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் துளை போட்டு எடுத்துவிடலாம், எண்பதாயிரத்துக்குப் பக்கம் ஆகும் என்றார்கள். மூன்று முதலாளிகளும் அக்கறையாகத்தான் விசாரித்தார்கள். என் வாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள்தான். பித்தப்பையில் பங்கு கேட்டு யாரும் வரவில்லை.

ஜி.எச். போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். டாக்டர்கள் நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் சீட்டுக்கு ஒரு நாள், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதலுக்கு ஒரு நாள், ஆபரேஷனுக்குத் தேதி வரும்வரை காத்திருப்பு. மாதச் சம்பளக்காரருக்கு அது லீவு. எனக்கு ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு வவுச்சரில் குறையும். இலவச வைத்தியத்துக்கு நாள் கூலிக்காரர் கட்டும் கட்டணம் இதுதான். எந்த ரசீதிலும் அது வராது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். என் வீட்டுக்காரர் சொந்த டெம்போ ஓட்டுகிறார். இரண்டு பேர் வருமானத்தையும் கூட்டினால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறோம். “கொஞ்சம் குறைச்சுச் சொல்லி சர்ட்டிபிகேட் வாங்கிக்குங்க” என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. ஊரார் கணக்கைச் சரிபார்க்கும் எனக்கு வீட்டுக் கணக்கைக் குறைத்து எழுதக் கை வரவில்லை. அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நோட்டீஸ்களைப் பிரித்துப் பிரித்து ஏறிய பயம் அது.

கடைசியில் வளையலை அடகு வைத்துத் தனியாரிலேயே ஆபரேஷன் செய்துகொண்டேன். நகைக்கடன் வட்டியை மாதாமாதம் கட்டும்போதுதான் அந்த அக்காவின் அட்டை மேல் கண் போகத் தொடங்கியது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். என் ஏழாயிரத்துக்கு நான் கட்ட வேண்டியது 53 ரூபாய், கம்பெனி 228 ரூபாய். அலுவலகத்தில் மாதாமாதம் டீக்கடைக்குப் போகும் பணத்தில் சிறு பகுதி. டீக் கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

தைரியத்தைத் திரட்டிக்கொண்டு பனியன் கம்பெனி முதலாளியிடம் கேட்டேன்.

“ஏனுங்கம்மா, வாரத்துல மூணு நாள்தானுங்களே வர்றீங்க? உங்களுக்கெதுக்குங்க இ.எஸ்.ஐ.?”

“பார்ட் டைம்னா வேண்டாம்னு சட்டத்துல எங்கயும் இல்லீங்க சார்.”

இதைச் சொல்ல எனக்குத் தெம்பு கொடுத்தவர் எங்கள் லேபர் கன்சல்டன்ட். 1978இல் ஐதராபாத் ராயல் டாக்கீஸ் வழக்கில், தியேட்டர் கேன்டீனிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் வேலை செய்தவர்கள்கூட இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர்களை வேலைக்கு வைத்தது தியேட்டர் அல்ல, குத்தகைக்காரர். அப்படியிருந்தும் அவர்கள் உள்ளே. முதலாளியின் எதிரிலேயே உட்கார்ந்து அவர் லெட்ஜரை எழுதும் நான் வெளியே.

முதலாளி கெட்டவர் இல்லை. என் ஆபரேஷனின்போது ஐயாயிரம் கையில் கொடுத்தார், திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கு 228 ரூபாய் பெரிதும் இல்லை. என்னைச் சேர்த்தால் காலையில் கூட்ட வரும் அம்மா, வாரத்தில் சில நாள் வரும் அயர்ன் மாஸ்டர், பிசிர் வெட்டும் பெண்கள் எல்லோரையும் சேர்க்க வேண்டி வருமே என்பதுதான் அவருடைய பயம். அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவர்களையும் சேர்க்கத்தான் வேண்டும்.

சேர்ந்தாலும் முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று உண்டு. உடம்பு சரியில்லாமல் டாக்டர் விடுப்பு எழுதினால், சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ள ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வாரம் மூன்று நாள் வீதம் ஆறு மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன்: மிகச் சரியாக 78. ஒரே ஒரு திங்கட்கிழமை லீவு விழுந்தாலும் போச்சு. தீபாவளி வந்தால் திருப்பூரே ஒரு வாரத்துக்குக் காலியாகிவிடும். ஆறு மாதம் சந்தா கட்டியவள், இரண்டு மூன்று நாள் குறைந்ததற்காக அந்தத் தொகையை மொத்தமாக இழப்பாள். இந்த விதியை எழுதியவர் மனதில் வாரம் ஆறு நாள் ஒரே வாசலுக்குள் நுழையும் ஆள்தான் இருந்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் தனியார் பாலிசி ஒன்று எடுத்தேன். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடுதான் முதல் பிரீமியம் கட்டினேன்; 2025 செப்டம்பரில் அந்த வரி போனது ஓர் ஆறுதல். உள்ளே படித்தால் கல், குடலிறக்கம், கண்புரை, மூலம் எல்லாவற்றுக்கும் இரண்டு வருடக் காத்திருப்பு. ஏற்கெனவே இருக்கும் என் சர்க்கரைக்கு மூன்று வருடம். அதுவரை டெங்கு வரலாம், வண்டியில் அடிபடலாம்; அதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை.

முதலாளி இப்போது பாதி இறங்கி வந்திருக்கிறார். ஏப்ரல் முதல் என் பெயரை ஏற்றலாம் என்கிறார். ஆனால் மாதாந்திர ரிட்டர்னில் எத்தனை நாளுக்குச் சம்பளம் என்று ஒரு பத்தி இருக்கிறது. மாதச் சம்பளம் என்று வைத்தால் அங்கே மாதம் முழுவதும் வரும், 78 தானாகத் தாண்டும். நாள் கூலி என்று வைத்தால் வந்த நாள் மட்டும், அதாவது 12 அல்லது 13. நான் மாதச் சம்பளம் என்கிறேன். அவர், “வந்த நாளைப் போடுங்கம்மா, அதுதானுங்க கணக்கு” என்கிறார். கன்சல்டன்ட் அடுத்த வாரம் வருகிறார். அவருக்கும் சேர்த்து டீ சொல்லி வைத்திருக்கிறேன்.