சும்மா இருக்க எட்டு நாள்

அடுத்த ஆண்டு மே மாதம் நானும் என் இணையரும் போர்ச்சுகல் போகத் திட்டமிட்டிருக்கிறோம். கருத்தரங்கு இல்லை, பயிற்சி முகாம் இல்லை, யாரும் அழைக்கவும் இல்லை. எட்டு நாள் விடுமுறை, அவ்வளவுதான். கடலைப் பார்க்க, ஊர் சுற்ற, சும்மா உட்கார.

தோழர்களிடம் சொன்னபோது முதலில் வந்த கேள்வி, "பெரம்பலூர்ல இல்லாத வெயிலா தோழர்?" என்பது. சிரித்துவிட்டேன். அடுத்து வந்த கேள்வியை அப்படிச் சிரித்துக் கடக்க முடியவில்லை. "நமக்கெல்லாம் இது தேவையா?"

அந்த "நமக்கெல்லாம்" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என் அம்மா கூலிக்குப் பருத்தி எடுத்தவர், சின்ன வெங்காயம் பிடுங்கியவர். அவர் ஊரைவிட்டு வெளியே போனதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. வேலை, கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, வேண்டுதல். எங்கள் பயணத் திட்டத்தைக் கேட்டதும் அவர் கேட்டது, "அங்க நமக்கு யாரு இருக்கா பாப்பா?" யாரும் இல்லாத ஊருக்கு, எந்த வேலையும் இல்லாமல் ஒருவர் போகலாம் என்பது அவருடைய வாழ்க்கையில் இடம்பெறவே இல்லை.

எங்கள் தெருவில் பாஸ்போர்ட் புதிதல்ல. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போன அண்ணன்களிடம் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்றப்படாமல் காக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் எங்கள் தெருவுக்கு அது இன்னொன்றையும் பழக்கிவிட்டது: பாஸ்போர்ட் என்றால் உழைக்கப் போவதற்கானது.

ஓய்வு என்பது மேட்டுக்குடிச் சிந்தனை என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தில் சம்பளத்துடன் கூடிய விடுமுறையைச் சேர்த்த 1945ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர், அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கர். கூலி உயர்வைப் போலவே ஓய்வையும் அவர் உரிமையாகப் பார்த்தார். 1948இல் வந்த உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆவது பிரிவும் ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் உரிமை என்கிறது. ஆனால் தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலையின் வாசலோடு நின்றுவிட்டது. வெங்காயக் காட்டில் குனிந்து நின்ற என் அம்மாவுக்கு வேலை இல்லாத நாள் விடுமுறை நாளல்ல, அடுப்பு எரியுமா என்று யோசிக்கும் நாள். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் சுமார் 31 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். அவர்களில் எத்தனை வீடுகளில் "லீவு" என்ற சொல் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் புழங்கியிருக்கும்?

அம்பேத்கரின் ஒரு சுற்றுலா அனுபவமும் நமக்குத் தெரிந்ததுதான். 1934இல் சுமார் முப்பது பேருடன் எல்லோராவையும் தௌலதாபாத் கோட்டையையும் பார்க்கப் போனார். பயணப் புழுதி போகக் கோட்டை வாசலுக்கு அருகில் இருந்த குளத்தில் முகம், கை, கால் கழுவினார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தை அசுத்தமாக்கிவிட்டதாக ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடிவர, கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய காவலாள் ஒருவர் கூடவே வரக் கோட்டையைப் பார்த்தார்கள். அவர் ஏற்கெனவே நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். இதை அவர் பதிவு செய்த நினைவுக் குறிப்புக்குப் பெயரே "விசாவுக்காகக் காத்திருத்தல்". நாம் ஊர் சுற்றுவதில் அரசியல் இல்லை என்பவர்கள் அதை ஒருமுறை வாசிக்கலாம்.

இப்போது எங்கள் விசாவுக்கு வருகிறேன். ஷெங்கன் சுற்றுலா விசாவுக்குக் கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, தங்குமிடப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம் எல்லாம் வேண்டும். இவற்றைவிடப் பெரியது, திரும்பி வருவோம் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும். அந்த நம்பிக்கையை எது தரும்? நிரந்தர வேலை, சேமிப்பு, சொத்து. திருச்சியில் ஒரு பயண முகவர் எங்களிடம் கேட்டது, "அப்பா பேர்ல நிலம் ஏதாவது இருக்கா? பத்திரம் வெச்சா ஸ்ட்ராங்கா இருக்கும்." அடுத்து, "ஊர்ல எந்தத் தெரு?" என்றும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கும் விசாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதல் கேள்விக்குப் பதில் நூறு வருடத்துக்கு மேல் நீள்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையை அறிக்கையாகக் கொடுத்தார். அதையொட்டி 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. நிபந்தனை நிலமான அதையும் பிறர் பறித்துக்கொண்ட கதையை நாம் மனு மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம். நிலத்தைப் பறித்தது இங்கே. நிலம் இல்லாததால் சந்தேகப்படுவது அங்கே. எங்கேயோ இருக்கும் அதிகாரிக்கு என் சாதி தெரியாமலே இருக்கலாம். சாதி எனக்குத் தராமல் விட்ட பத்திரம் அவருடைய மேசையில் இல்லாமல் இருக்கும், அவ்வளவுதான். என்னிடம் இருப்பது சம்பளச் சீட்டும் இரண்டு வருடம் கட்டிய சீட்டுப் பணமும். அவற்றை வைத்துத்தான் விண்ணப்பிக்கப் போகிறோம்.

ஏன் போர்ச்சுகல்? கடற்கரை அழகு, மற்ற மேற்கு ஐரோப்பிய நாடுகளைவிடச் செலவு குறைவு என்பவை பொதுவான காரணங்கள். எனக்கு இன்னொன்றும் உண்டு. "கேஸ்ட்" என்ற ஆங்கிலச் சொல் போர்ச்சுகீசியர்களின் "காஸ்டா"விலிருந்து வந்தது. வம்சம், இனம் என்று பொருள். நம் சாதியைப் பார்த்து அவர்கள் வைத்த பெயரைத்தான் உலகம் இன்று சொல்கிறது. தெற்கே அல்கார்வ் கடற்கரையில் லாகோஸ் என்ற ஊர் இருக்கிறது. சுற்றுலாப் படங்களில் வரும் பொன்னிறப் பாறைகள் அங்கேதான். 1444இல் 235 ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிப் பங்கு போட்டதும் அங்கேதான். 2009இல் அந்த ஊரின் பழைய குப்பைமேட்டில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. அடிமைச் சந்தையின் நினைவாக இன்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. காலையில் அங்கே போவோம், மாலையில் கடலில் கால் நனைப்போம். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடல் நமக்கு அந்நியமானதும் அல்ல. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் நம் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியே கடலாக இருந்தது. காரை மேடுகளில் கடல் உயிரினங்களின் படிமங்கள் கிடக்கின்றன. அரியலூர் சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனது. வாரணவாசியில் புதைபடிம அருங்காட்சியகமும் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரமும் இருக்கின்றன. வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேடி வரும் இடங்கள் இவை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளில் பலர் பார்த்ததில்லை. "வேலை இல்லாம அங்க எதுக்குப் போறது?" என்பார்கள். அதுவும் "நமக்கெல்லாம்" என்பதன் இன்னொரு வடிவம்தான்.

மாணவத் தோழர்களே, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். எங்கே போவது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சாத்தனூர் போங்கள். துண்டறிக்கை எதுவும் வேண்டாம். அம்மாவையும் அழைத்துப் போங்கள்.