அட்டன்னு சொன்னா பிழையா?

நாவலப்பிட்டியைத் தாண்டி மலையேறுற கோச்சிக்கு ஊர்ப்பெயர்கள் இரண்டு வரிசையா இருக்கு. சிங்களத்தில் கேட்டால் வட்டவல, ஹட்டன், கொட்டகல, தலவாகெலே, ஹபுதலே, பண்டாரவெல, பதுல்ல. நம்ம வீட்டில் கேட்டால் வட்டவளை, அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை.

இரண்டாவது வரிசை, முதல் வரிசையைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் வந்தது என்று நம்ம ஆட்களே நினைக்கிறாங்க. கொழும்பில் வேலைக்குப் போய் இரண்டு வருசம் ஆன என் நண்பன் ஒருத்தன், தமிழில் பேசும்போதும் "நாவலபிட்டிய" என்றுதான் சொல்கிறான். ஏன்டா என்று கேட்டால், "அதுதானே சரியான உச்சரிப்பு" என்கிறான்.

கொஞ்சம் நின்னு யோசிப்போம். தமிழில் இரண்டு உயிர் எழுத்துக்கு நடுவில் ஒற்றையாக வரும் வல்லினம் மெலிந்துவிடும். 'ஹபுதலே' என்று எழுதி வாசித்தால் பு, 'bu' மாதிரியும் த, 'dha' மாதிரியும் ஒலிக்கும் என்பதை நம்ம காது ஏற்கெனவே அறிந்திருக்கு. சிங்களத்தில் இருக்கிற வன்மையைக் காப்பாற்றத்தான் அப்புத்தளையில் இரண்டு ஒற்று. நாவலப்பிட்டியில் வரும் 'ப்'பும் மாத்தளையில் வரும் 'த்'தும் அதே வேலையைத்தான் செய்யுது. அதாவது கேட்டவங்க சரியாகவே கேட்டிருக்காங்க.

கடைசி எழுத்தும் அப்படித்தான். தமிழில் பெயர்ச்சொல் குறில் அகரத்தில் முடிவது அபூர்வம். அதனால் பதுல்ல பதுளையாச்சு, கம்பொல கம்பளையாச்சு. 'பிட்டிய' என்றால் சிங்களத்தில் வெளி, திடல். அது நமக்குப் 'பிட்டி' ஆனது நாவலப்பிட்டியில் மட்டுமில்லை. கொழும்பில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி ஸ்டேஷன்களிலும் அதே கதைதான். பிழை என்றால் ஊருக்கு ஊர் ஒவ்வொரு விதமாக இருக்கும். இது ஊருக்கு ஊர் ஒரே விதி.

இழப்பும் இருக்கு, மறைக்க வேண்டாம். கொட்டகலையில் உள்ளது 'கல', பாறை. தலவாக்கலையில் உள்ளது 'கெலே', காடு. நம்ம வாயில் இரண்டும் 'கலை'. பண்டாரவளையில் வயலைக் குறிக்கும் 'வெல'வும் தொலைந்துபோச்சு. சிங்களம் தெரிந்தால்தான் அந்தக் காடும் வயலும் திரும்பக் கிடைக்கும். அதற்காகவே சிங்களப் பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு ஊருக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒன்று பிழையாக இருக்கணுமா? சிங்கள அறிவிப்பில் 'மஹநுவர' என்று வருவது ஆங்கிலத்தில் 'கேண்டி', தமிழில் கண்டி. மலை என்று பொருள்படும் 'கந்த' என்ற சிங்களச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. 'கேண்டி' என்று சொல்கிற வெள்ளைக்காரரை யாரும் திருத்துவதில்லை. 'பதுளை' என்கிற அப்பாயியை மட்டும் ஏன் திருத்தணும்?

நாவலப்பிட்டிக்கு ரயில் வந்தது 1874-இல். பதுளையைத் தொட்டது 1924-இல். அந்தப் பாதையோரத் தோட்டங்களுக்கு வந்தவங்களில் பெரும்பாலானோர் பெயர்ப்பலகையைப் படித்து இந்தப் பெயர்களைக் கற்கவில்லை, காதால் கேட்டுத்தான் கற்றாங்க. கண்டி, மாத்தளை மாதிரியான சில பெயர்கள் அதற்கும் முந்தியவை. 1956-இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபோதும் வீட்டுக்குள்ளே அட்டன் அட்டனாகத்தான் இருந்தது. 1987-இல் 13-ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி ஆனது.

அதனால்தான் ஒரு ஸ்டேஷனில் கேட்ட தமிழ் அறிவிப்பு மனசைக் குடைந்தது. வசனம் முழுக்க நல்ல தமிழ். ஊர்ப்பெயர்கள் மட்டும் அப்படியே சிங்களம்: "கம்பொல, நாவலபிட்டிய ஊடாகப் பதுல்ல நோக்கி…" பக்கத்தில் இருந்த பாட்டி, "என்னா சொல்றான், பதுளைக்குப் போவுமா?" என்று கேட்டாங்க. தமிழ் அறிவிப்பு யாருக்காகவோ, அவங்களுக்கே அது புரியவில்லை.

வேல்ஸ் நாட்டில் ஸ்வான்ஸி என்ற நகரத்தை வெல்ஷ் அறிவிப்பில் 'அபெர்டாவே' என்கிறாங்க. ஆங்கிலப் பெயரை வெல்ஷ் வசனத்துக்குள் செருகுவதில்லை. நாம கேட்பதும் அவ்வளவுதான். சிங்களத்தில் பேசும்போது பதுல்ல என்போம், அது மரியாதை. தமிழில் அறிவிக்கும்போது பதுளை என்று சொல்லட்டும். புதுசா ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்தப் பாதையில் பிறந்து வளர்ந்த ஒருத்தரைக் கூப்பிட்டுக் குரலைப் பதிவு செய்தால் போதும்.