பின்னால் வருபவர்

திகில் படங்கள் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. கல்லூரியில் படிக்கும் பேரனின் வற்புறுத்தலுக்கு இணங்கி, ஸ்டான்லி குப்ரிக் 1980-இல் இயக்கிய ‘தி ஷைனிங்’ படத்தைச் சென்ற மாதம் பார்த்தேன். கோடரியும் இரத்தமும் வந்தபோது நான் அஞ்சவில்லை. ஒரு சிறுவன் மூன்று சக்கர வண்டி ஓட்டியபோதுதான் அஞ்சினேன்.

ஆள் நடமாட்டமற்ற பெரிய விடுதி. சிறுவன் நீண்ட நடைக்கூடங்களில் வண்டியை மிதித்துச் செல்கிறான். கேமரா அவன் முதுகுக்குப் பின்னால், தரையை ஒட்டிய உயரத்தில், அவன் வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு வருகிறது. குலுக்கமில்லை; காலடி ஓசையில்லை. காரெட் பிரவுன் உருவாக்கிய ‘ஸ்டெடிகாம்’ கருவியின் வேலை அது. இக்காட்சிக்காக அதனைச் சக்கர நாற்காலியில் பொருத்திப் பையனின் பின்னே கொண்டுசென்றனர். மரத்தளத்தில் சக்கரங்கள் கடகடக்கின்றன, கம்பளத்தின்மேல் ஏறியதும் ஓசை அடங்குகிறது, மீண்டும் கடகடப்பு. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் நமக்கு முன்பே திரும்பிவிடுகிறான். அப்பால் இருப்பதை அவன் கண்டுவிட்டான். நாம் இன்னும் காணவில்லை. அப்படியொரு திருப்பத்தில், கூடத்தின் கோடியில், காட்சியின் சரியான நடுவில், ஒரே மாதிரி உடுத்திய இரு சிறுமியர் அசையாமல் நிற்கின்றனர். இருபுறச் சுவர்களும் குவிந்து நம் கண்ணை அவர்களிடமே தள்ளுகின்றன.

ஆயினும் என்னை உறுத்தியது அதுவன்று. பின்தொடர்ந்த அந்தக் கண் யாருடையது? கதையில் அவன் பின்னால் எவரும் வரவில்லையே! படத்தின் தொடக்கமும் அப்படித்தான். மலைப்பாதையில் ஊரும் சிறிய மஞ்சள் காரை வானிலிருந்து ஏதோ ஒன்று தொடர்கிறது. அப்போது ஒலித்த இசை என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. சிறுவயதில், கறுப்புத் துணி போர்த்திய தூம்பாவைச் சுற்றி நின்று இலத்தீனில் பாடக்கேட்ட ‘டீஸ் ஈரே’யின் மெட்டு!

அந்நாளில் எங்கள் வீட்டுச் சுவரில் காவல் சம்மனசின் படம் தொங்கியது. உடைந்த பாலத்தை இரு குழந்தைகள் கடக்கிறார்கள். பின்னால் சிறகு விரித்த சம்மனசு. நம் பழைய வீடுகள் பலவற்றில் இருந்த படந்தான். குழந்தைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. குப்ரிக்கின் காட்சியும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான். ஓவியத்தில் பின்னால் வருபவரின் முகம் நமக்குத் தெரிகிறது. திரைப்படத்தில் அந்த முகம் இருக்கவேண்டிய இடத்தில் நாமே நிற்கிறோம்.

எண்ணிப் பார்த்தால், எனக்கு இறைவனும் வெகுகாலம் முகமற்ற கண்ணாகவே இருந்தார். “ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்று பாட்டி சொன்னதெல்லாம் நான் சர்க்கரை டப்பாவைத் திறந்தபோதுதான். நோயில் கிடந்தபோது அதே சொற்களை அவர் சொன்னதாக நினைவில்லை. இன்றும் 139-ஆம் திருப்பாடலைச் செபிக்கையில், அவரிடமிருந்து தப்பியோட இடமில்லை என்னும் பகுதியில் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

அன்றிரவு தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போகப் பேரன் தயங்கினான். “பயப்படாதே, உன் பின்னால்...” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். எழுந்து, அவனுக்கு முன்னே நடந்துபோய் விளக்கைப் போட்டேன்.