யார் வீட்டுக் கோபுரம்?

வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் காத்திருப்பவருக்குப் படிக்க அங்கே வேறொன்றும் இருக்காது. கையிலிருக்கும் பழைய தாளின் தலையில் உள்ள வட்ட முத்திரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான்கு சிங்கங்களில் கண்ணுக்குத் தெரியும் மூன்று, இரண்டு பக்கமும் தேசியக் கொடி, பின்னால் ஒரு கோபுரம். தென்காசிக்காரர் என்றால் வெளியே வந்து நிமிர்ந்தால் இன்னொரு கோபுரம் நிற்கிறது. ஒன்பது நிலை, ஏறக்குறைய 180 அடி. தாளில் இருப்பது இதுதானா?

இல்லை. ஆனால் அது எது என்பதில் பல வருஷமாக வழக்கு.

பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் யோசிக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பார்கள். வில்லிபுத்தூர்க்காரர்களிடம் கேட்கவே வேண்டாம். ஆனால் 1949-ல் அந்தச் சின்னத்தை வரைந்த ஆர். கிருஷ்ணா ராவ், சென்னை அரசு ஓவியப் பள்ளியைச் சேர்ந்தவர், வேறு சொன்னார். தான் மனத்தில் வைத்து வரைந்தது மதுரை மீனாட்சி கோயிலின் மேலக் கோபுரம் என்பது அவர் வாக்குமூலம். வரைந்தவரே சாட்சி சொன்ன பிறகும் வழக்கு முடியவில்லை என்றால், தப்பு சாட்சியிடம் இல்லை. படத்தில் ஏதோ இருக்கிறது.

என்ன இருக்கிறது என்பதற்கு, படத்தில் என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். மதுரை மேலக் கோபுரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுதை உருவங்கள். தேவர், அசுரர், துவாரபாலகர், யாளி என்று நிலைக்கு நிலை திருவிழாக் கூட்டம். இவ்வளவையும் ஒரு சட்டைப் பொத்தான் அளவு வட்டத்துக்குள் கொண்டுவர முடியாது. ரப்பர் ஸ்டாம்பில் மை அப்பிக்கொண்டால் கோபுரம் கரிக்கட்டையாகிவிடும். ஓவியர் கூட்டத்தை இறக்கிவிட்டார். மிஞ்சியது மேலே போகப்போகக் குறுகும் உடம்பு, நிலைகளைப் பிரிக்கும் கோடுகள், உச்சியில் வண்டிக்கூண்டு போல வளைந்த 'சாலை' வடிவச் சிகரம், அதன் மேல் கலச வரிசை. இனி ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோபுரத்தைப் போய்ப் பாருங்கள். பதினொரு நிலை, உடம்பில் சுதை உருவங்கள் அரிது. தமிழ்நாட்டுப் பெரிய கோபுரங்களுக்குள் இவ்வளவு துடைத்துவைத்த மாதிரி நிற்பது அபூர்வம். ஆக, பொம்மைகளைத் துடைத்துவிட்டால் எந்தக் கோபுரமும் வில்லிபுத்தூர்க் கோபுரமாகிவிடும். கிருஷ்ணா ராவ் மதுரையைத்தான் வரைந்தார். சுருக்கச் சுருக்க அது வில்லிபுத்தூரில் போய் நின்றது. ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடுவதில் அவ்வளவு குற்றம் இல்லை.

இந்த வழக்கில் குற்றாலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை யோசனையாகச் சொன்னவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் என்று ஒரு கதை நெடுநாளாக வழங்குகிறது. நம்பத் தக்க கதைதான். டி.கே.சி. அறநிலைய வாரியத்தில் ஆணையராக இருந்தவர், கோயில்களைக் கோப்பிலும் நேரிலும் பார்த்தவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் கூட்டி, ஒரு பாட்டை மாலை முழுவதும் சுவைத்துக்கொண்டிருந்தவர். பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியேறினார். ராஜாஜியும் கல்கியும் அங்கே அவரைத் தேடி வந்தார்கள். ரசனைக்கு அந்தக் காலத்தில் உச்சநீதிமன்றம் ஒன்று இருந்ததென்றால் அது ஐந்தருவி போகும் வழியில்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும். 1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்குப் பின் சென்னை மாகாணத்தின் தலைமைக்கு வந்தவரும் வில்லிபுத்தூருக்கு அடுத்த ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. இத்தனை பேர் சேர்ந்து ஒரு கோபுரத்தை நினைத்தால், வரைந்தவர் சொல் எடுபடுமா?

இதில் ஒரு சங்கடம் பாக்கி இருக்கிறது. டி.கே.சி.யின் குற்றாலம் வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் தென்காசி. பாண்டியன் கட்டிய கோபுரம். அதை ஏன் யாரும் நினைக்கவில்லை?

நினைக்க அன்றைக்கு அங்கே கோபுரமே இல்லை. இடி விழுந்து பிளந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கீழே கல்காரம் மட்டும் நிற்க, மேலே செங்கல் கட்டடம் சிதைந்து, மொட்டைக் கோபுரமாகத் தலைமுறை தலைமுறையாக நின்றது. புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாட்டின் ஒரு மாகாணம் இடிந்த கோபுரத்தையா முத்திரையில் போட்டுக்கொள்ளும்?

போட்டிருந்தால் கெட்டுப்போயிருக்காது. அந்த இடிந்த கோபுரத்துக்குச் சொந்தமாக ஒரு பாட்டு உண்டு. வேறெந்தக் கோபுரத்துக்கும் அப்படி ஒன்று வாய்த்ததாகத் தெரியவில்லை.

தென்காசிக் கோயில் கதை எறும்பில் தொடங்குகிறது. காசிக்குப் போக முடியாமல் வழியிலேயே சாகிற தென்னாட்டு அடியார்களுக்காக இங்கேயே ஒரு காசி கட்டு; எறும்புச் சாரை போகிற வழியே போ, அது முடிகிற இடத்தில் நான் இருப்பேன் என்று சிவன் பராக்கிரம பாண்டியனுக்குக் கனவில் சொன்னாராம். சாரை சிற்றாற்றங்கரையில் முடிந்தது. மனைக்கு எல்லை குறித்துக் கொடுத்த முதல் சர்வேயர் எறும்பு. 1446-ல் கோயில் வேலை தொடங்கியது. ஒரே கல்லில் ஆளுயரத்துக்கும் மேலாகச் செதுக்கிய வீரபத்திரரும் மன்மதனும் ரதியும் இன்றும் மண்டபத்தில் நிற்கிறார்கள். கோபுரம் பத்து வருஷம் கழித்துத்தான் எழத் தொடங்கியது. 1463-ல் பாண்டியன் காலம் முடிந்தபோதும் கோபுரம் முடியவில்லை; பின்னால் வந்த குலசேகர பாண்டியன் முடித்தான்.

கோயிலில் பராக்கிரமன் வாக்காகச் சில பாடல்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பொருள் இவ்வளவுதான்: இந்தக் கோயிலுக்கு வரக் கூடாத பழுது ஒன்று வந்துவிட்டால், அன்றைக்கு அங்கே நின்று அதைச் சரிசெய்து காப்பவர் யாராயிருந்தாலும், அவரை உலகம் அறிய நான் வணங்கிவிட்டேன்.

கல்வெட்டு படித்துப் பழகியவர்கள் இதில் புதிதில்லை என்பார்கள். தர்மத்தைக் காத்தவன் பாதம் என் தலைமேல் என்று முடிவது நிலதானக் கல்வெட்டுகளின் வழக்கம்; கெடுத்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற சாபமும் கூடவே வரும். பராக்கிரமன் அந்த வாய்பாட்டை எடுத்து மூன்று இடத்தில் திருத்தியிருக்கிறான். அங்கே பேச்சு தானம் கொடுத்த நிலத்தைப் பற்றி. இங்கே கல்லும் சுண்ணாம்பும். சாபத்தை எடுத்துவிட்டான், இடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது, வணங்குவேன் என்று எதிர்காலத்தில் சொல்லவில்லை. இன்னும் பிறக்காத ஒரு கொத்தனாருக்கான கும்பிடு இறந்தகாலத்தில் முடிந்துபோய்க் கல்லில் ஏறிவிட்டது. பழுது பார்க்க வருகிறவன் ஏற்கெனவே வணங்கப்பட்டவன். அவன் இனி என்ன செய்வான், வேலையைத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு ராஜாவுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? பாண்டியர்கள் மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய காலம் அது. தலைநகரத்தையே தவறவிட்ட வம்சத்தில் பிறந்தவனுக்கு, கட்டியது நிற்காது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. தன் வம்சமே பின்னால் இருந்து பார்த்துக்கொள்ளும் என்றுகூட அவன் எழுதவில்லை. யாராயிருந்தாலும் என்றுவிட்டான்.

அவனுடைய ஸ்தபதிகளுக்கும் இது தெரியும், வேறு மொழியில். கோபுரத்தின் கீழ்ப்பகுதி மட்டும் கல். மேலே செங்கலும் சுதையும். பாரம் குறைய என்பது ஒரு காரணம். சேதமானால் மேலே மட்டும் கழற்றிக் கட்டலாம், அஸ்திவாரத்தைத் தொட வேண்டாம் என்பது இன்னொரு வசதி. கருவறைச் சிலையைப் பீடத்தோடு பிடித்து வைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் பாருங்கள்: கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டையும் சேர்த்து உலக்கையால் நாள்கணக்கில் இடித்துக் களிம்பாக்குகிறார்கள். இடிக்க இடிக்கத்தான் பதம். அவ்வளவு பாடுபட்டுச் செய்கிற மருந்துக்கு ஆயுள் பன்னிரண்டு வருஷம் என்று அவர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள். பிறகு பாலாலயம், திருப்பணி, குடமுழுக்கு, மறுபடி முதலிலிருந்து. சாமியைக்கூடப் பழுதுபார்ப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு சின்ன இடத்துக்குக் குடிமாற்றி வைத்துக்கொள்கிற ஏற்பாடு. ஐந்து வருஷ உத்தரவாதம் முடிந்த அன்றே செத்துப்போகிற, திறந்து பார்க்கத் திருகாணிகூட இல்லாத நம் வீட்டு மிக்சியைச் செய்தவர்கள் தென்காசிக்கு ஒருமுறை வந்து போகலாம்.

ஆனால் பழுது பார்க்கிறவர் எல்லாருக்கும் இந்தக் கும்பிடு செல்லுமா என்று கேட்டால், இங்கேதான் டி.கே.சி. மறுபடி வருகிறார்.

அவர் கம்பனைப் பழுது பார்த்தார். ராமாயணத்தில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் கம்பனுடையவை அல்ல, யாரோ செருகியவை என்று தள்ளினார். வைத்துக்கொண்டவற்றிலும் சொல் சரியாக விழவில்லை என்று தோன்றிய இடத்தில் மாற்றினார். ஓசை அவருடைய காதில் எப்படி நின்றதோ அதுவே அவருக்கு ஏடு. புலவர்கள் கொதித்தார்கள். அவர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டவர்களோ, கம்பனை அன்றுதான் முதலில் கேட்டதாகச் சொல்லித் திரிந்தார்கள். இரண்டு பக்கமும் உண்மை உண்டு. பாண்டியன் வணங்கியது வந்த பழுதை நீக்குகிறவரை. வராத பழுதைக் கண்டுபிடித்து நீக்குகிறவரை வணங்கினானா என்பது பாட்டில் இல்லை. கிருஷ்ணா ராவும் ஆயிரம் உருவங்களைத் தள்ளினவர்தான்; ஆனால் அவர் மேலக் கோபுரத்தில் ஏறி ஒரு பொம்மையையும் உடைக்கவில்லை, தாளில் மட்டும் விட்டுவிட்டார்.

குற்றாலத்திலேயே இதற்கு ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. பெரிய கோயிலை விட்டுத் தனியே நிற்கும் சித்திர சபை. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் மற்ற நான்கும் பொன், வெள்ளி, தாமிரம், ரத்தினம் என்று பெயர் வாங்கியிருக்க, இங்கே மட்டும் சாமி ஓவியமாகச் சுவரில் ஆடுகிறார். ஊரே சாரலுக்குப் பேர்போனது. ஆனி பிறந்துவிட்டால் துண்டு காயாது. சுவர் எப்படிக் காயும்? ஈரம் ஏறினால் வண்ணம் உதிரும். உதிர்ந்த இடத்தில் வண்ணம் வைக்க வருகிறவர் கை நடுங்க வேண்டும். பழைய கோட்டின் மேலேயே போனால் பழுதுபார்ப்பு; அரை அங்குலம் விலகினால் புதுப்படம். சீசனுக்கு வரும் கூட்டம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓடுகிறது. சித்திர சபைக்குள் எப்போதும் இடம் இருக்கும். அருவியில் குளித்த ஈரத்தோடு மட்டும் போகாதீர்கள்.

கிருஷ்ணா ராவின் வட்டத்தையும் பின்னால் வந்தவர்கள் தொட்டார்கள். 1967-க்குப் பிறகு வடமொழி வாசகம் போய் 'வாய்மையே வெல்லும்' வந்தது. 1969 ஜனவரி 14-ல் மாநிலத்தின் பெயரே மாறியது. வட்டத்தின் விளிம்பில் தமிழ்நாடு ஏறியது. கோபுரத்தில் ஒரு கோடு அசைக்க வேண்டியிருக்கவில்லை. ஊர் எது என்று சொல்லாமல் விட்ட படம் என்பதால் இத்தனைக்கும் இடம் கொடுத்தது போலும்.

தென்காசியில் 1990-ல் ஒன்பது நிலையும் மறுபடி எழுந்தன. திருப்பணியை முன்னின்று நடத்தியவர் பா. சிவந்தி ஆதித்தன். பாண்டியன் போட்ட கும்பிடு ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கல்லில் காத்திருந்து, 'தினத்தந்தி' அதிபரிடம் போய்ச் சேர்ந்தது. அவரோடு முடியவும் இல்லை: 2025 ஏப்ரல் 7-ல் மறுபடி ஒரு குடமுழுக்கு நடந்திருக்கிறது.