அம்மாவுக்கு அறுபது

திருக்கடையூர் போய் வந்த வீடுகளை ஒரு போட்டோவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கழுத்தை மறைக்கும் மாலை, கலச நீர் ஊற்றியதில் நெற்றியோடு ஒட்டிக்கொண்ட நரைமுடி, புதுப் பட்டு வேட்டி, பக்கத்தில் கூச்சத்தோடு சிரிக்கும் மனைவி. சுத்துக்கேணியில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடுகளில் இந்தப் படம் மாட்டியிருக்கிறது. ராத்திரியே வேன் பேசிப் புறப்பட்டு, கடலூர், சிதம்பரம், சீர்காழி தாண்டி விடிகாலையில் போய்ச் சேர்வார்கள். பதினாறு வயதில் சாக வேண்டிய மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனைச் சிவன் எட்டி உதைத்த தலம் என்பதால், ஆயுளைக் கொண்டாட எல்லோரும் அங்கே போகிறார்கள். ஐம்பத்தொன்பது முடிந்தால் உக்ரரத சாந்தி, அறுபது முடிந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். எங்கள் ஊரில் இந்தப் பெயர்களை யாரும் சொல்வதில்லை. அறுபதாம் கல்யாணம், அவ்வளவுதான்.

அறுபதுக்கு ஏன் இந்த மரியாதை என்று கேட்டால் வானத்தைக் காட்டுவார்கள். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய 30 ஆண்டு. ஒருவர் பிறந்தபோது இந்த இரண்டு கிரகமும் எங்கே இருந்தனவோ, கிட்டத்தட்ட அதே இடத்துக்கு இரண்டும் சேர்ந்து வருவது அறுபதாவது ஆண்டில். நம் வருஷப் பெயர்களும் பிரபவ முதல் அட்சய வரை அறுபதுதான். பிறந்த வருஷத்தின் பெயர் மனுஷ ஆயுளில் ஒரே ஒரு முறைதான் திரும்ப வரும். மீச்சிறு பொதுமடங்கு படித்த யாருக்கும் பிடிக்கக்கூடிய கணக்கு இது. எனக்கும் பிடிக்கும்.

ஆனால் எண்ணப்படுவது யாருடைய வயது? மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் இருவரில் அறுபது ஆனவர் கணவர். மனைவிக்கு அப்போது ஐம்பத்து நாலோ ஐம்பத்தஞ்சோ இருக்கும். அவளுக்கு ஒருமுறை தாலி கட்டப்படும், அவ்வளவுதான் அவள் பங்கு. அவளுக்கு அறுபது வரும்போது வேன் எதுவும் பேசப்படுவதில்லை. அதற்குள் கணவர் போய்விட்டால் அவளுக்கு அந்த மணையில் இடமே கிடையாது. வியாழனும் சனியும் அவளுக்காகவும்தான் சுற்றி வருகின்றன. சடங்கில்தான் அதற்கு ஏற்பாடு இல்லை.

அப்பா 2016-ல் போனார். ஐம்பத்தேழு வயது. எங்கள் வீட்டில் அந்தப் படம் இல்லை.

2024 ஏப்ரலில் குரோதி வருஷம் பிறந்தது. அம்மா பிறந்தது முந்தைய குரோதியில், 1964-ல். நானும் அக்காவும் அம்மாவின் அறுபதைக் கொண்டாடுவது என்று முடிவு பண்ணினோம். முதல் சிக்கல் தேதி. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இருப்பது ஜூன் மாசத்துத் தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயசு சரியாக வரட்டும் என்று வாத்தியார் போட்டது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரு தலைமுறையே இப்படி ஜூனில் பிறந்திருக்கிறது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் அம்மாவின் போனுக்கு வங்கியிலிருந்து வாழ்த்து வரும். "இவனுங்களுக்கு யாருடா சொன்னா?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவாள்.

அம்மாவின் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், விழுப்புரம் மாவட்டத்தில். அப்போது தென்னார்க்காடு. அம்மாவைப் பெற்ற ஆயா உயிரோடு இருந்தபோது அடிக்கடி சொன்னது இது: "தீபத்தன்னைக்கு விளக்கு வெக்கிற நேரத்துல வலி எடுத்துச்சு. ராவுக்குள்ள பொறந்துட்டா. முப்பதாம் நாளு பேரு வெச்சோம். வெச்ச மூணு நாலு நாள்ல தனுஷ்கோடிய கடலு கொண்டுகினு போயிடுச்சின்னு ரேடியாவுல சொன்னாங்க."

ஆயாவுக்குத் தேதி தெரியாது. ஆனால் அவள் விட்டுச் சென்ற தகவல் எங்கள் அலுவலகத்தில் வரும் எந்த டேட்டாவையும்விடச் சுத்தமானது. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22-23 இரவில். அதிலிருந்து பின்னால் எண்ணினால் பேர் வைத்தது டிசம்பர் 19-ஐ ஒட்டி. அதிலிருந்து முப்பது நாள் பின்னால் போனால் நவம்பர் 19. அந்த வருஷம் கார்த்திகை மாதத்துப் பௌர்ணமி நவம்பர் 19-ல்தான் வந்தது. ஒரு கிழவியின் ஞாபகமும் நிலாவும் ஒரே நாளில் வந்து நின்றதைத் திரையில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. அம்மாவிடம் சொன்னேன். "அதான் எங்கம்மா சொல்லிச்சே, தீபத்தன்னைக்குன்னு. இதுக்குப் போயி கம்ப்யூட்டரா?" என்றாள்.

ஆக, நட்சத்திரப் பிறந்தநாள் தீபத்தன்று. 2024-ல் அது டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை.

இதை வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். முப்பது வயசிலேயே கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளைக் கூலி வேலை செய்து வளர்த்தவள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். சொன்னாள்: "எந்தம்பி இருந்து செஞ்சா ஒரு அழகு. அவனே இல்ல. இவளுக்கு இன்னாத்துக்கு அறுபது? ஊரு சிரிக்கும்."

அம்மா திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முறத்தில் கொட்டைகள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அம்மா கண்ணாலேயே அடக்கினாள். அத்தை போன பிறகு என்னிடம், "ஐயரு, ஓமம், மாலை, ஒண்ணும் வேணாம். ஒரு கேக்கு வாங்கிகினு வா, போதும்" என்றாள்.

எங்கள் ஊரில் தேதி குறித்து வைப்பது சாவுக்குத்தான். அப்பாவின் திதி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாத்தாவுடையது, ஆயாக்களுடையது எல்லாம் தெரியும். அமாவாசைக்கு எத்தனையாவது நாள் என்று அம்மா விரல் மடக்கிச் சொல்வாள். ஆனால் அந்த ஆயாக்களில் ஒருத்தியின் பிறந்தநாள்கூட யாருக்கும் தெரியாது. ஒரு பெண்ணுக்கென்று தனியாக ஒரு நாள் கிடைப்பது அவள் செத்த பிறகுதான். அன்றைக்கு அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைத்துக் காகத்தைக் கூப்பிடுகிறோம்.

சுத்துக்கேணியின் பெயர் வெளியுலகுக்குப் போனதும் இப்படித்தான். அரிக்கமேட்டில் அகழாய்வு செய்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான் மரி கசால், எங்கள் ஊரிலும் முத்தரையர்பாளையத்திலும் இருந்த பெருங்கற்காலத்து ஈமக்குழிகளை ஆராய்ந்தார். அவரும் அவர் மனைவி ஜெனவியேவும் எழுதிய ஆய்வு நூல் 1956-ல் பாரிசில் வெளியானது. அதன் தலைப்பிலேயே சுத்துக்கேணி இருக்கிறது. செத்தவர்களைத் தாழியும் பானையும் வைத்து அத்தனை அக்கறையாக அனுப்பிவைத்த மண் இது. அவர்களில் யாருக்கு உயிரோடு இருக்கும்போது ஒரு நாள் கிடைத்தது என்று எந்தக் குழியைத் தோண்டினாலும் தெரியப்போவதில்லை.

தீபத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீடூர் அணையைத் திறந்ததில் சங்கராபரணியில் வெள்ளம். சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணை பெருகிப் பாகூர் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்தது. டிசம்பர் 1-ல் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் செத்தார்கள். அந்த வருஷம் தீபத்துக்குப் பக்தர்கள் யாரையும் மலையேற விடவில்லை. குரோதி என்றால் கோபக்காரன் என்று பொருள், முந்தைய குரோதியில்தானே தனுஷ்கோடி போனது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. இந்த நிலைமையில் பிறந்தநாள் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் போனில் கேட்டது வேறு: "கேக்கு சொல்லிட்டியா?"

பன்னிரண்டாம் தேதி ராத்திரி ஊர் வந்து சேர்ந்தேன். அன்றைக்கு உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊசுட்டேரிய பாக்கணும்" என்றாள். புதுச்சேரியிலேயே பெரிய ஏரி அது. சங்கராபரணித் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத்தான் அதற்குப் போகிறது. நூறு நாள் வேலையில் அந்த வாய்க்காலை அம்மா பல வருஷம் தூர் வாரியிருக்கிறாள். ஆனால் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தை நின்று பார்த்ததே இல்லையாம். பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் பார்த்ததோடு சரி.

காலையில் பைக்கில் கூட்டிப்போனேன். ஏரி கரை தொட்டு நிரம்பிக் கிடந்தது. தூரத்தில் கறுப்புப் புள்ளிகளாக நாமக்கோழிகள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எம்மாஞ் சேறு வாரி இருப்போம் தெரியுமா?" என்றாள். எழுந்திருக்கும்போது, "உங்கப்பா பாத்திருந்தா இவ்ளோ தண்ணிக்கு மீனு எவ்ளோன்னு கணக்குப் போட்டிருப்பாரு" என்று சிரித்தாள். வழியில் ஒரு டீக்கடையில் இஞ்சி டீயும் கீரை வடையும். வடை சூடாக இருக்கிறது என்று இரண்டாவதும் கேட்டாள். வீட்டில் எப்போதும் கடைசி வடையை எங்களுக்குத் தள்ளிவிடுகிறவள்.

சாயங்காலம் கேக் வந்தது. திருக்கனூரில் சொல்லி வைத்திருந்தது, ஒரு கிலோ பட்டர்ஸ்காட்ச். அக்கா வீட்டுப் பிள்ளைகள் ஆறு என்றும் பூஜ்யம் என்றும் இரண்டு மெழுகுவர்த்திகளைச் செருகினார்கள். திண்ணையில் வில்லியனூர் அகல் விளக்குகள் எண்ணெய் ஊற்றித் தயாராக இருந்தன. வத்தி கொளுத்தியதும் பிள்ளைகள், "ஊது ஆயா, ஊது" என்று கத்தின. அம்மா முறைத்தாள். "விளக்கு வெக்கிற நேரத்துல எவளாவது வாயால ஊதி அணைப்பாளா?" என்று ஆறைப் பிடுங்கி எடுத்து முதல் அகலை ஏற்றினாள். பிறகு பூஜ்யத்தையும் எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தாள். மெழுகு ஒழுகி வாசல் கோலமெல்லாம் திட்டுத்திட்டானது. கேக்கை வெட்டுவதற்குள் அரைமணி நேரம் ஆகிவிட்டது. பொரி உருண்டையும் கேக்கும் ஒரே தட்டில் தெருவுக்குப் போயிற்று.

கேக் வெட்டுவது நம் பழக்கமில்லை, விளக்கேற்றுகிற மரபில் வந்த நாம் விளக்கை அணைக்கலாமா என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. அணைப்பதைப் பற்றி அம்மாவே தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். மற்றபடி எனக்குத் தோன்றுவது இதுதான். அறுபதாம் கல்யாணத்துக்குக் கணவன் வேண்டும், மனைவி வேண்டும், முகூர்த்தம் வேண்டும், மந்திரம் தெரிந்தவர் வேண்டும், சுற்றிலும் சுமங்கலிகள் வேண்டும். கேக்குக்குப் பிறந்த ஆள் ஒருத்தர் இருந்தால் போதும். அது மனைவியா, கைம்பெண்ணா, பிள்ளை பெற்றவளா, கல்யாணமே ஆகாதவளா என்று கேட்பதில்லை. முந்நூறு ரூபாய்க்கு அரைக் கிலோ வாங்கலாம். அறுபது வருஷ வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல அதனிடம் ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை என்பது உண்மைதான். திருக்கடையூரில் அந்த வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் அம்மா உட்கார ஒரு மணை அங்கே இல்லை. திண்ணையில் கேக்குக்கு முன்னால் இருந்தது.

அத்தை வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். ஏழு மணிக்கு மேல், அவள் வீட்டு விளக்குகளை ஏற்றி முடித்துவிட்டு வந்தாள். திண்ணைக் கோடியில் உட்கார்ந்தாள். அம்மாவே ஒரு துண்டு எடுத்துப் போய்க் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அத்தை க்ரீமை ஒதுக்கிவிட்டு அடியில் இருந்ததைத் தின்றாள்.

மறுநாள் நான் கிளம்பும்போது அத்தை வாசலில் நின்றாள். "ஏன் தம்பி, உங்கம்மாளுக்குப் பாத்தியாமே. எனக்கு எப்பன்னு பாரேன்."

"ஆயா என்ன சொன்னாங்க அத்த?"

"கீழூர்ல ஓட்டுப் போட்டதுக்கு அப்புறமாம். கொடி மாத்தறதுக்கு முன்னயாம். அமாவாசை அன்னைக்குப் பொறந்தேன்னு ஆயுசு பூரா திட்டிச்சி எங்கம்மா."

பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு சேரலாமா என்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது 1954 அக்டோபர் 18-ல். 178 பிரதிநிதிகளில் 170 பேர் சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-ல் கொடி மாறியது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு அமாவாசைதான். அக்டோபர் 26. ஜய வருஷம், ஐப்பசி மாசம். போனிலேயே பார்த்துச் சொன்னேன்.

அத்தை விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப எழுபது போன ஐப்பசியோட முடிஞ்சிட்டுதா?"

"முடிஞ்சிட்டுது அத்த. இனிமே எழுபத்தொண்ணுதான்."

"சரி போ" என்றாள். பைக்கை எடுக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "எனக்கு முட்டை போடாததா பாத்து வாங்குடா."