உமையாளுக்கு அப்பத்தா எழுதுவது

சிவமயம்

ராயவரம்,
மார்கழி 5

ஆத்தா உமையாளுக்கு அப்பத்தா ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கு, அதை விடு. போன்ல பேசினா நீ பாதியிலேயே "அப்பத்தா, கிளாஸுக்கு நேரமாச்சு"ன்னு வச்சுடுறே. கடுதாசின்னா நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ ஓடமுடியாது. அதான் பேனாவை எடுத்தேன். எட்டாவதோட நின்ன எழுத்து, அடித்தல் திருத்தல் இருக்கும், பொறுத்துக்க.

லீவுக்கு வரலைன்னு உன்மேல கோபம்தான். சிங்கப்பூர்லேருந்து நாலு மணி நேரத்துல திருச்சியில வந்து இறங்கிறலாம், டிக்கெட் விலையைச் சொல்லி நின்னுட்டே. மிச்சம் பிடிக்கிறதுக்கு உன்னை நான் வையவும் முடியாது, உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. ஆனா பிள்ளையார் நோன்பை விட்டுறாதே. டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் உன் காலேஜிலேருந்து நடக்கிற தூரம்தானே? 1859-ல நம்ம பெரியவுக கட்டினது. உங்க ஐயா விழுந்து கும்பிட்ட இடம். போய் நோன்பு இழை எடுத்துக்கிட்டு வா. காலையில வெறும் காப்பியைக் குடிச்சுட்டு ஓடுறேன்னு உங்க ஆத்தா சொன்னா. அதுவும் வேண்டாம்.

இனி நீ அழுத விஷயத்துக்கு வாரேன். நாப்பது சொச்சம் பேர் உக்கார்ந்திருக்கிற வகுப்புல வாயைத் திறந்து பேசினாத்தான் மார்க்காம், உனக்கு நாக்கு ஒட்டிக்குதாம். புதுக்கோட்டையில பள்ளிக்கூடத்துல வாயை மூடுன்னுதானே பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தாக, திடீர்னு திறன்னா எப்படித் திறக்கும்? இதுக்குப் போய் அழுவாகளா? உங்க ஐயா கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கேன், ஆனா இந்தப் பகுதியை மட்டும் சொன்னதில்லை. சொல்ல வேண்டாம்னு அவுகளே சொல்லியிருந்தாக.

1950-ல நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறினப்ப அவுகளுக்கு வயசு பதினாலு. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்ல நம்மாளுக வட்டிக்கடை நடத்தின கிட்டங்கியில எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையன். கூட்டுறது, காப்பி வாங்கியாறது, அடுத்தாள் பின்னாடி வசூலுக்கு அலையுறது, ராத்திரி அதே கூடத்துல பாயை விரிச்சுப் படுத்துக்கிறது. மாகாணி, அரைக்கால் எல்லாம் தலைகீழாச் சொல்லுவாக, ஆனா மலாய் ஒரு வார்த்தை வராது. சீனக் கடைக்காரர்கிட்ட நிலுவை கேட்கணும்னா மலாய்தான். மூணு மாசம் வரைக்கும் அடுத்தாள் முதுகுக்குப் பின்னாடியே நின்னாகளாம். ராத்திரி தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழுதாகளாம். நான் இதைக் கேட்டது எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் கழிச்சு. அதுக்கப்புறம் அவுக எவ்வளவு பேசினாகன்னு உனக்கே தெரியும், வாயை அடைக்க வேண்டிய ஆளா ஆகிப்போனாக. உனக்கும் மூணு மாசம் ஆச்சு, இல்லையா? போதும். தினம் ஒரு கேள்வியை முதநாளே எழுதி வச்சுக்கிட்டுப் போ. பதில் சொல்லத்தான் பயம், கேள்வி கேட்கிறதுக்கு என்ன?

அந்தத் தெருவுல இப்ப நிக்கிற 51 மாடிக் கட்டடத்தைப் படம் பிடிச்சு அனுப்பியிருந்தே. பார்த்தேன், நடுவுல மரமெல்லாம் வச்சிருக்கான். ஐயா பாய் விரிச்ச இடம் எதுன்னு அண்ணாந்து பார்த்தா தெரியவா போகுது.

ஜனவரியில வகுப்புல நம்ம நகரத்தார் வட்டித் தொழிலைப் பத்திப் பேசப்போறேன்னு சொன்னே. நல்ல காரியம். "அப்பத்தா, பெருமையா நாலு விஷயம் சொல்லுங்க"ன்னு கேட்டே பாரு, அதுலதான் எனக்கு இடிக்குது. பெருமையை நீயே எடுத்துக்கலாம். 1937 பிப்ரவரி 10-ல எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஐ.ஓ.பி. பேங்கைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூணு ஊர்லயும் ஒரே நாள்ல திறந்ததை முதல் படமாப் போடுவே. கோயில்ல கூடி நடப்பு வட்டியைத் தீர்மானிச்சதைப் போடுவே. மகமை, விலாசம், ஐந்தொகை எல்லாம் போடுவே. உன் வாத்தியாரும் கை தட்டுவாரு. பர்மாவை என்ன செய்யப்போறே?

ஐயாவோட அப்பச்சிக்குப் பர்மாவுல பியாபோன்ல வட்டிக்கடை. அங்கே காடு திருத்தி நெல் போட்ட சம்சாரிக்குப் பெரிய வெள்ளைக்கார பேங்க் எதுவும் நேரடியாக் கடன் கொடுக்காது. நாமதான் கொடுத்தோம். அதுவரைக்கும் சரி. 1930-ல நெல் விலை படுத்துப்போச்சு. வட்டி கட்ட முடியலை, அடமானத்துல இருந்த நிலமெல்லாம் கைக்கு வந்துச்சு. உன் சித்தப்பா புஸ்தகத்தைப் பார்த்து எனக்குச் சொன்ன கணக்கு இது: கீழ்ப் பர்மாவுல நெல் விளையுற 13 மாவட்டத்துல 1930-ல நூறு ஏக்கருக்கு ஆறு ஏக்கர் நம்ம செட்டியார்க கையில இருந்துச்சு, 1938-ல இருபத்தஞ்சு. நாலுல ஒண்ணு, ஆத்தா. நிலத்துக்காரனா இருந்தவன் அதே நிலத்துல குத்தகைக்காரனா நின்னான். நாம வேணும்னு பறிக்கலை, பணத்துக்குப் பதிலா வந்துச்சுன்னு நம்ம வீட்ல எல்லாரும் சொல்லுவாக. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். நம்ம திருமயம் பக்கம் மழை பொய்ச்ச வருஷத்துல ஒருத்தன் நம்ம செய்யை எழுதி வாங்கியிருந்தா நாம என்ன சொல்லியிருப்போம்?

1942-ல பர்மாவுக்கு ஜப்பான்காரன் வந்தப்ப ஐயாவோட அப்பச்சி மலைக்காட்டு வழியா நடந்து வந்தாக, வந்து சேர்ந்தப்ப கால்ல செருப்பில்லை. 1948-ல பர்மாக்காரங்க நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டாங்க. பெட்டகத்துல பர்மா எழுத்துல பத்திரம் ஒரு கட்டு இன்னும் கிடக்கு, பழைய பேப்பர்காரன்கூட எடுக்கமாட்டான். நடந்து வந்த துயரத்தைச் சொன்னா வகுப்பே உச்சுக் கொட்டும். ஆனா அங்கே நம்மமேல அத்தனை வெறுப்பு எப்படி வந்துச்சுன்னும் நீ சொல்லணும். பற்றை விட்டுட்டு வரவை மட்டும் வாசிச்சா அதுக்குப் பேர் கணக்கில்லை.

ஐயா கிட்டங்கியில ஒருநாள் அஞ்சு காசு இடிச்சுதாம். அஞ்சே காசு. கணக்கு நேராகிற வரைக்கும் ஒருத்தரும் சாப்பிட உக்காரலை. ஐயாதான் காப்பி வாங்கிட்டுச் சிட்டையில எழுத மறந்திருக்காக. பயத்துல சொல்லவும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல சொன்னாக. மேலாள் அடிக்கலையாம், "முதல்லயே சொல்லியிருந்தா சோறு ஆறியிருக்காது"ன்னு மட்டும் சொன்னாராம். அந்த அஞ்சு காசுக்கு அப்படிப் பார்த்தவுக, அத்தனை ஆயிரம் ஏக்கருக்கு ஏன் அப்படிப் பார்க்கலைன்னு எனக்கு இன்னும் புரியலை. உன் காலேஜ்ல யாருக்காவது புரிஞ்சா கேட்டுச் சொல்லு.

பட்டம் வாங்கணும்னா எம்பது மணி நேரம் ஊருக்கு உழைக்கணும், பத்து வாரம் கம்பெனியில வேலை பழகணும், வெளிநாட்டு அனுபவமும் வேணும்னு நீ சொன்னப்ப சிரிச்சுட்டேன். எங்களுக்குச் சிங்கப்பூரே வெளிநாடு, உனக்கு அதுக்கும் ஒரு வெளிநாடு! முதல் ரெண்டும் எனக்குப் பிடிச்சிருக்கு. மூணாவதுக்கு லண்டன் கேட்கப்போறேன்னு சொன்னே. லண்டன் எங்கேயும் ஓடாது. வியட்நாமோ இந்தோனேசியாவோ, நெல்லு விளையுற நாடாப் பார்த்துப் போ. கடன் கொடுக்கிறவங்க பேசுறதைத்தான் வகுப்புல கேட்கிறே. வாங்குறவன் வீட்டுத் திண்ணையில ஒருநாள் உக்கார்ந்து பாரு. ரங்கூனுக்கே போன்னு சொல்ல ஆசைதான், இப்ப அங்கே நிலைமை சரியில்லை.

உன்மேல எனக்குப் பொறாமையும் உண்டு, மறைக்கலை. நான் இளவயசுல உங்க ஐயாவோட ஐந்தொகையில தப்புக் கண்டுபிடிச்சவ. முழுசாப் பார்த்துட்டு, "நீ ஆம்பளையாப் பொறந்திருந்தா மேலாளா வச்சிருப்பேன்"னாக. அதைப் பாராட்டுன்னு நினைச்சுச் சந்தோஷப்பட்டேன். எத்தனை வருஷம் கழிச்சுத்தான் அது உறைச்சுது! நம்ம வீட்ல பயணம் சொல்லிக்கிட்டுக் கிளம்பின முதல் பொம்பளைப்பிள்ளை நீ. உன் பர்ஸுல நான் வச்சு அனுப்பின அம்மன் காசைத் தொலைச்சுறாதே, புதுக்கோட்டைச் சமஸ்தானம் போனாலும் அம்பாள் போகலை.

ஒரு கவலை மிச்சம் இருக்கு. அங்கே அரசாங்கம் படிப்புச் செலவுல பங்கு கொடுக்குது, பதிலுக்குப் படிச்சு முடிச்சதும் மூணு வருஷம் சிங்கப்பூர்க் கம்பெனியில வேலை பார்க்கணும்னு கையெழுத்துப் போட்டிருக்கே. உங்க அப்பச்சி படிச்சுப் பார்த்துட்டுத் தலையாட்டினான். அவன் எதையும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கமாட்டான், அது எனக்குத் தெரியும். நீ படிச்சியா? ஐயாவுக்கும் மூணு வருஷம்தான். சம்பளம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவுன்னு எழுதின சம்பளச் சீட்டை இன்னும் வச்சிருக்கேன். உன் ஒப்பந்தத்தோட நகல் ஒண்ணு உடனே தபால்ல அனுப்பு. போன்ல படமா அனுப்பாதே, பெட்டகத்துல வைக்க முடியாது.

இப்படிக்கு,
அப்பத்தா